ஓட்டு: பெயரா, வினையா?

ஆங்கில இலக்கணப் பாடத்தில் குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி உண்டு. சில சொற்களைக் கொடுத்து, எது பெயர், எது வினை, எது பெயரடை என்று பிரித்து எழுதச் சொல்வார்கள். திண்டுக்கல்லில் நான் பாடம் நடத்திய நாட்களில், ஒரு தேர்தல் சமயத்தில், அந்தப் பயிற்சிக்கு அரசையும் தேர்தலையும் பற்றிய சொற்களையே எடுத்துக்கொண்டேன். எலெக்ட் வினை, எலெக்‌ஷன் பெயர். கவர்ன் வினை, கவர்ன்மென்ட் பெயர். இதுவரை தகராறு இல்லை. வோட் என்று எழுதியதும் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது.

"சார், ஓட்டு வினைதான் சார். எங்கப்பா லாரி ஓட்டுறாரு" என்றான் ஒரு பையன்.

"அது வேற ஓட்டுடா" என்று நாலு பேர் கத்தினார்கள். அப்போது பூட்டுப் பட்டறை வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்தாள். "சார், பூட்டும் அப்படித்தான சார்? எங்க தாத்தா செய்யறதும் பூட்டு. கதவைச் சாத்திட்டுப் பூட்டுன்னு எங்கம்மா சொல்றதும் பூட்டு."

அன்று அவளுக்குச் சொன்ன பதில் சரியான பதில்தான். ஆனால் போதாது. அந்தக் குறை பல ஆண்டுகளாக என்னோடு இருக்கிறது. இந்தக் கட்டுரை அவளுக்குச் சொல்ல வேண்டிய மீதிப் பதில்.

முதலில் பூட்டு. திண்டுக்கல்லுக்குப் பேர் வாங்கித் தந்த சொல். மாங்காய் வடிவில் வார்த்த மாங்காய்ப் பூட்டு தொடங்கிப் பல வகைப் பூட்டுகளைக் கையாலேயே செய்த ஊர் இது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சொல்லின் வயது அந்தத் தொழிலின் வயதைவிடப் பல மடங்கு அதிகம். உண் என்ற வினையிலிருந்து ஊட்டு வந்தது. காண் என்பதிலிருந்து காட்டு வந்தது. அதே வழியில் பூண் என்பதிலிருந்து பூட்டு வந்தது. பூண் என்றால் அணிதல், மாட்டிக்கொள்ளுதல். பூட்டு என்றால் மாட்டிவிடுதல். அதனால்தான் ஏரில் மாடு பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம். கதவுக்கு மாட்டிய இரும்புக்கும் அந்த வினையே பெயராகிவிட்டது. வினை முதலில், பொருள் பிறகு. தமிழில் வினைப்பகுதி அப்படியே பெயராக நிற்பதை முதனிலைத் தொழிற்பெயர் என்போம். அந்தத் தொழிலின் பெயர் கருவிக்கும் ஆகிவந்தால் அது தொழிலாகுபெயர். பட்டறைக் குழந்தைக்கு நன்னூல் தெரியாது. ஆனால் நன்னூல் சொல்லும் செய்தி அவள் வீட்டுத் திண்ணையிலேயே கிடந்தது.

வோட் என்ற ஆங்கிலச் சொல்லின் கதை இதற்கு எதிர்த்திசையில் போகிறது. லத்தீனில் வோட்டும் என்றொரு பெயர்ச்சொல். அதற்கு நேர்ச்சை, நேர்ந்துகொண்ட வாக்கு, விருப்பம் என்று பொருள். தெய்வத்தின் முன் நின்று "இதைச் செய்கிறேன்" என்று கொடுக்கும் சொல் அது. நம் பக்கத்தில் பழனிக்கு முடி நேர்ந்துகொள்கிறார்களே, அதுதான் ரோமர்களின் வோட்டும். அந்தப் பெயர் ஆங்கிலத்துக்குப் போனது. பிறகு அங்கே எந்த விகுதியும் ஏற்காமல் வினையாகவும் நின்றது. பூட்டு வினையிலிருந்து பெயரானது. வோட் பெயரிலிருந்து வினையானது. இரண்டு மொழியும் ஒரே பாலத்தை எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து கடந்திருக்கின்றன.

இப்போது வோட் தமிழுக்குள் வந்த வழியைப் பார்க்க வேண்டும். பழைய பத்திரிகைகளில் வோட்டு என்ற எழுத்தும் கண்ணில் படும். நிலைத்தது ஓட்டு. வகரம் ஏன் உதிர்ந்தது? தொல்காப்பியர் இதற்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே பதில் எழுதி வைத்திருக்கிறார் என்றே சொல்வேன். உ, ஊ, ஒ, ஓ என்ற நான்கு உயிரோடு சேர்ந்த வகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பது மொழிமரபு விதி. வு, வூ, வொ, வோ என்று தொடங்கும் சொல் நம்மிடம் பிறக்கவில்லை. ஆகவே நாக்கு அந்த வகரத்தைத் தானே கழித்துவிட்டது. மின்சாரம் மங்கும்போது "ஓல்டேஜ் இல்ல" என்கிறோமே, அங்கேயும் இதே விதிதான். அடுத்து, டகர ஒற்று தமிழில் சொல்லின் கடைசியில் நிற்காது. ஓர் உகரம் வந்து தாங்கியது. கோட்டு, நோட்டு, கேட்டு என்று வந்த சொற்களின் வரிசையில் ஓட்டும் உட்கார்ந்துகொண்டது. அதோடு முடியவில்லை. வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குரிய புணர்ச்சியையும் ஏற்றுக்கொண்டு ஓட்டுப் போட்டான், ஓட்டுச்சாவடி என்று வல்லினம் மிகுந்து வருகிறது. பாட்டுப் பாடினான் என்பதற்கும் ஓட்டுப் போட்டான் என்பதற்கும் இலக்கணத்தில் வித்தியாசமே இல்லை. வேற்று மொழியில் பிறந்தாலும் வீட்டு வழக்கப்படி நடக்கும் சொல்லை இனியும் அன்னியம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

வந்து இறங்கிய இடத்தில் ஏற்கெனவே இரண்டு ஓட்டு இருந்தன. ஓடு என்ற வினையின் பிறவினை ஒன்று: மாட்டை ஓட்டு, லாரியை ஓட்டு. கூரை ஓட்டின் பெயர் வேறொரு சொல்லோடு சேரும்போது வரும் வடிவம் இன்னொன்று: ஓட்டு வீடு, ஓட்டுக் கூரை. வினையின் நாற்காலியில் முன்பே ஆள் உட்கார்ந்திருந்ததால், புதிய ஓட்டு பெயராகவே நின்றுவிட்டது. "நான் ஓட்டினேன்" என்று சொன்னால் வண்டி ஓட்டியதாகத்தான் அர்த்தம். அந்தப் பையன் சொன்னது தவறில்லை. அவன் சுட்டியது இந்த இடநெருக்கடியை.

பெயர்ச்சொல் தானாக நடக்காது. கைபிடித்துக் கூட்டிப்போக ஒரு வினை வேண்டும். ஆங்கிலச் சொல்லைத் தமிழில் வினையாக்க நாம் பெரும்பாலும் பண்ணு என்பதைத்தான் சேர்க்கிறோம். போன் பண்ணு, சைன் பண்ணு, டைப் பண்ணு. ஆனால் ஓட்டுப் பண்ணு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஓட்டுக்கு வாய்த்த வினை போடு. காரணம் பெட்டி. 1937 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரசின் பெட்டிக்கு மஞ்சள் நிறம். மஞ்சள் பெட்டியில் போடுங்கள் என்பதே பிரசாரம். 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி; பெட்டியின் மேல் சின்னம். வாக்குச்சீட்டில் எந்தக் குறியும் இட வேண்டியதில்லை. திரைக்குப் பின்னால் போய், விரும்பிய சின்னம் ஒட்டிய பெட்டிக்குள் சீட்டைப் போட வேண்டும். அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான மக்கள் செய்த செயல் அது ஒன்றுதான்: போடுதல். வினையைப் புலவர்கள் தேர்ந்து கொடுக்கவில்லை. பெட்டியின் வாய் கொடுத்தது.

1962 முதல் எல்லா வேட்பாளர் பெயரும் சின்னமும் ஒரே சீட்டில் வந்தன. முத்திரை குத்த வேண்டியதாயிற்று. சுவரெல்லாம் "முத்திரை குத்துங்கள்" என்று எழுதினார்கள். பேச்சில் போடு நகரவில்லை. 1982இல் கேரளத்துப் பறவூரில் மின்னணு இயந்திரம் முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் நாடு முழுவதும் அதுவே. இன்றைக்கு நம் கையில் சீட்டும் இல்லை, எதிரே பெட்டி வாயும் இல்லை, நாம் உள்ளே போடும் பொருள் எதுவுமே இல்லை, பட்டனை அமுக்குகிறோம். வெளியே வந்ததும் கேட்பது "ஓட்டுப் போட்டாச்சா?" என்றுதான். செய்கை ஒழிந்துபோன பிறகும் அதன் வினை உயிரோடு இருப்பது சொல்லாராய்ச்சிக்காரனுக்குக் கிடைக்கும் பெரிய சந்தோஷம்.

இந்த இடத்தில் ஓர் இடைச்சொல்லையும் சொல்லிவிட வேண்டும். யாருக்கும் ஓட்டு இல்லை என்று பதிவு செய்ய நோட்டா பொத்தான் வருவதற்கு முன், தேர்தல் நடத்தை விதிகளில் 49-ஓ என்றொரு பிரிவு இருந்தது. அதிகாரியிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும், ரகசியம் இருக்காது. பத்திரிகையாளர் ஞாநி அந்தப் பிரிவைப் பற்றி "ஓ போடு" என்ற பெயரில் தமிழ்நாட்டில் ஓயாமல் பேசினார். சட்டப் புத்தகத்தில் அந்த ஓ ஆங்கில அகரவரிசையின் ஓர் எழுத்து மட்டும். தமிழிலோ ஓகார இடைச்சொல்லுக்கு நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்களில் எதிர்மறையும் ஒன்று. "நானோ செய்தேன்" என்றால் நான் செய்யவில்லை என்று பொருள். மறுப்பைக் குறிக்க மறுப்புப் பொருளுள்ள எழுத்தே வந்து வாய்த்தது தற்செயல்தான் என்றாலும், எவ்வளவு பொருத்தம்! 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு நோட்டா பொத்தான் வந்தது.

இனி திண்டுக்கல்லுக்கே உரிய ஒரு பெயர். 1972 அக்டோபர் 17இல் எம்.ஜி.ஆர். அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல். புதுக் கட்சிக்குச் சின்னம் கிடையாது. வேட்பாளரான வழக்கறிஞர் கே.மாயத்தேவர், கட்சி சாராதவர்களுக்கென்று ஒதுக்கிய சின்னங்களிலிருந்து இரட்டை இலையைத் தேர்ந்தெடுத்தார். ஒரு லட்சம் வாக்குக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயித்தார். பட்டியலில் கிடந்த ஒரு படம் அன்றிலிருந்து ஒரு கட்சியின் பெயராகவே ஆகிவிட்டது.

பெயராகவே என்று சொல்வதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆகுபெயருக்கு இலக்கண நூல்களில் காட்டும் உதாரணம் "வெற்றிலை நட்டான்". இலையை யாரும் நடுவதில்லை, கொடியைத்தான் நடுகிறார்கள், இலையின் பெயர் கொடிக்கு ஆகிவந்தது. "இலைக்குப் போட்டேன்", "சூரியனுக்குப் போட்டேன்", "கைக்குப் போட்டேன்" என்பவை அதே இலக்கணத்தின் இன்றைய உதாரணங்கள். வெற்றிலைக் கொடிக்கால் தெரிந்த குழந்தைக்கு ஆகுபெயர் நடத்த இதைவிட எளிய வழி இல்லை. கட்சிப் பெயர் வகுப்பில் வரக்கூடாது என்று கருதும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எல்லாக் கட்சியின் சின்னத்தையும் சேர்த்துச் சொன்னால் அதில் பிழை இல்லை என்பது என் எண்ணம். முதல் பொதுத் தேர்தலில் காங்கிரசின் சின்னம் நுகத்தில் பூட்டிய இரட்டைக் காளை. அங்கேயும் நம் ஊர்ப் பூட்டு, அதன் பழைய பொருளோடு.

இலை என்றதும் உத்திரமேரூர் ஓலை நினைவுக்கு வரும். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள். ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்க, குடும்பு என்ற முப்பது ஊர்ப் பகுதிகளிலும் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். மேடைகளில் இதை ஓட்டு என்றே பேசிவிடுகிறார்கள். அது சரியில்லை. குடவோலை என்பது சீட்டுக் குலுக்கல். பலர் விருப்பத்தை எண்ணிப் பார்ப்பது அல்ல. அதற்குரிய பெருமை வேறு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயர் குடத்துக்குள்ளேயே போக முடியாது. அவருடைய உறவினர் பெயரும் போக முடியாது. அந்தப் பெருமையைச் சொன்னாலே போதும். கிரேக்கர்கள் கூழாங்கல்லைப் போட்டார்கள். ஆங்கிலத்தின் பாலட் என்ற சொல் இத்தாலிய மொழியின் சின்ன உருண்டையிலிருந்து வந்தது. போல் என்ற சொல்லுக்கு இடைக்கால ஆங்கிலத்தில் தலை என்று பொருள், தலையை எண்ணினார்கள். ஒவ்வொரு ஊரும் கையில் கிடைத்த பொருளால் தேர்தலுக்குப் பெயர் வைத்திருக்கிறது.

போட்டியிடுபவரின் பெயருக்கு வருவோம். கேண்டிடேட் என்பதற்கு லத்தீனில் வெள்ளை உடுத்தியவர் என்று பொருள். பதவி கேட்டுப் போகும் ரோமானியர் சுண்ணம் பூசி வெளுத்த அங்கியோடு போவார். வெள்ளை வேட்டி சட்டையோடு நம் தெருவுக்குள் வருபவரைப் பார்க்கும்போது அந்தச் சொல்லுக்கு விளக்கமே தேவைப்படாது. தமிழில் முதலில் அபேட்சகர் என்று எழுதினார்கள். அபேட்சை வடசொல், ஆசை. பிறகு வேட்பாளர் வந்தது. வேள் என்றால் விரும்பு. வேட்கை, வேட்பு எல்லாம் அதன் பிள்ளைகள். இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்றுதான், விரும்புகிறவர். வேட்பாளரில் எனக்குப் பிடித்த அம்சம் அது ஆணா பெண்ணா என்று காட்டாதது. ரோமில் வெள்ளை அங்கி ஆண்களுக்கு மட்டும். சென்னை மாகாணத்தில் 1921இலேயே பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்துவிட்டது. காந்திகிராமத்தை நிறுவியவர்களில் ஒருவரான டாக்டர் சௌந்தரம் 1952இல் ஆத்தூரிலும், 1957இல் வேடசந்தூரிலும், 1962இல் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியிலும் வென்றார். மூன்று தேர்தலிலும் அவரைக் குறிக்க வேட்பாளர் என்ற சொல்லில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியிருக்காது.

தேர்தலை நடத்தும் அலுவலர் கலெக்டர். இந்தப் பெயருக்கும் திண்டுக்கல்லுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த சீமைகளில் திண்டுக்கல்லும் ஒன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர் அப்போதே இங்கே வந்துவிட்டார். கலெக்ட் என்றால் வசூல் செய். கலெக்டர் வசூல் செய்பவர். தாசில் என்பது அரபு மூலம், அதுவும் வசூல். தண்டல் என்ற நம் சொல்லும் வசூல். மூன்று மொழி, ஒரே வேலை. கலெக்டர் என்பதைப் பிற்பாடு தமிழாக்கியபோது ஆட்சியர் என்று வைத்தார்கள். வசூல் செய்பவர் ஆள்பவராகிவிட்டார். இந்த மொழிபெயர்ப்பு எனக்கு உடன்பாடில்லை. மக்களாட்சியில் ஆள்கிறவர் ஓட்டுப் போடுகிறவர். அலுவலரின் பெயரில் ஆட்சி இருப்பது சொல்லளவில்கூடப் பிழை.

ஓட்டுக்குத் தூய வடிவமாக ஏடுகள் எழுதுவது வாக்கு. அதுவும் வடமொழி மூலம். சொல், பேச்சு என்று பொருள். தமிழில் அது வெறும் பேச்சாக நிற்கவில்லை. கொடுத்த சொல், மீறக்கூடாத சொல் ஆகிவிட்டது. வாக்குத் தவறாதவர் என்றால் ஊரில் அதைவிடப் பெரிய பட்டம் இல்லை. வாக்களித்தான் என்றால் முன்பெல்லாம் உறுதி கொடுத்தான் என்றே பொருள். இப்போது ஓட்டுப் போட்டான் என்றும் பொருள். வேட்பாளர் தருவது வாக்குறுதி, நாம் தருவது வாக்கு. இரண்டுக்கும் பகுதி ஒன்றே. வாக்கு என்று முதலில் எழுதியவருக்கு லத்தீன் வோட்டும் தெரிந்திருக்குமோ என்னவோ, நேர்ச்சை என்ற மூலப்பொருளுக்கு ஆங்கிலச் சொல்லைவிட நெருக்கமாகப் போய்விட்டார்.

வகுப்பில் நான் சொல்லாமல் விட்ட மீதி இங்கேதான் இருக்கிறது. ஓட்டு பெயராக நின்றதால் ஒரு பொருள்போல் ஆகிவிட்டது. அதோடு சேரும் வினைகளைக் கவனியுங்கள்: கேட்கிறார்கள், போடுகிறோம், விழுகிறது, பிரிகிறது, சிதறுகிறது, எண்ணுகிறார்கள். எல்லாம் பொருளுக்கு நேரும் செயல்கள். பொருள் என்றால் விற்கலாம், வாங்கலாம். ஓட்டுக்கு நோட்டு என்று எதுகையோடு சொல்லவும் வசதியாகப் போய்விட்டது. 2016இல் நம் பக்கத்து அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்ததற்காகத் தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து செய்தது. சில மாதம் கழித்துத்தான் மறுபடி நடந்தது. கொடுப்பது மட்டும் குற்றம் என்று நினைப்பவர்கள் உண்டு. வாங்குவதும் சட்டப்படி குற்றம். வாக்கு என்ற சொல்லை இந்த வினைகளோடு சேர்த்துப் பாருங்கள். வாக்கைக் கொடுக்கலாம், காக்கலாம், தவறலாம். வாக்கை விற்றான் என்று நம் தாத்தா பாட்டி காலத்துத் தமிழில் ஒரு வாக்கியம் கேட்டிருக்க முடியாது. அதனால் ஓட்டு என்ற சொல்லை விட்டுவிடச் சொல்லவில்லை. அது நம் சொல். அதன் உள்ளே இருக்கும் நேர்ச்சை குழந்தைகளுக்குத் தெரிய வேண்டும் என்கிறேன். பெயரா வினையா என்று கேட்கும் பயிற்சியில், எதன் பெயர் என்ற கேள்வியையும் ஆசிரியர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வாக்குப்பதிவு முடிந்ததும் இயந்திரங்களை ஓர் அறையில் வைத்துப் பூட்டி முத்திரையிடுகிறார்கள். அந்தப் பூட்டின் மேல் வேட்பாளர்களும் தங்கள் முத்திரையை வைக்கலாம். அங்கே பூட்டு பெயராகவும் வினையாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. அந்தப் பெண்ணை இன்றைக்குப் பார்த்தால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அந்த முதல் பொதுத் தேர்தலில் இருபத்தொரு வயதில் ஓட்டுப் போட்டவர்களுக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. சின்னம் ஒட்டிய பெட்டிக்குள் சீட்டைப் போட்ட கைகள் இன்னும் சில ஊர்களில் இருக்கின்றன. வேடசந்தூரிலோ நத்தத்திலோ நிலக்கோட்டையிலோ உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அன்றைக்கு அதை என்ன சொல்லால் சொன்னார்கள் என்று கேளுங்கள். பெட்டியை எப்படி அழைத்தார்கள், நின்றவரை எப்படி அழைத்தார்கள், போட்டதை எந்த வினையால் சொன்னார்கள் என்று அவர் வாயால் வருவதை ஓர் எழுத்தும் திருத்தாமல் எழுதி வையுங்கள். இந்த மாதமே கேளுங்கள்.